வெளிநாட்டுல கார்டு ஓடலைன்னா? பெங்களூர்ல இருந்து கிளம்புறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

ஆபீஸ்ல ஆன்சைட் போறவங்க, அல்சூர்ல இருக்குற சொந்தக்காரங்க, எங்க அபார்ட்மென்ட்ல மகன் வீட்டுக்கு டல்லாஸ் போற பெரியவங்க, எல்லாரும் கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணி கேக்குறது ஒரே கேள்விங்கதான். சில பேர் அங்க போய் பில் கவுன்ட்டர்ல நின்னுகிட்டே கேப்பாங்க, அது இன்னும் கஷ்டம். அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி வச்சுட்டேன். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே படிச்சுருங்க, ஏன்னா இதுல முக்காவாசி விஷயத்தை வீட்டுல உக்காந்து அஞ்சு நிமிஷத்துல முடிச்சுரலாம், அங்க போயிட்டா முடியாது.

அக்கா, என் கார்டுல விசான்னு போட்டிருக்கு, இங்க எல்லா கடையிலயும் ஓடுது, அப்போ சிங்கப்பூர்லயும் ஓடும்தானே?

இன்டர்நேஷனல் ஆன்ல இருந்தா ஓடும். ரிசர்வ் பேங்க் ரூல் ஒன்னு 2020 அக்டோபர்ல இருந்து இருக்கு, புதுசா வர்ற கார்டு, ரின்யூ ஆகி வர்ற கார்டு எல்லாமே இந்தியாக்குள்ள ஏடிஎம்லயும் கடை மெஷின்லயும் மட்டும்தான் ஓடுற மாதிரி வரும். ஆன்லைன், இன்டர்நேஷனல், டேப் பண்ணி கட்டுறது இதெல்லாம் நாமதான் ஆன் பண்ணிக்கணும். பேங்க் ஆப்புல கார்டு செட்டிங்ஸ் உள்ள போனா இன்டர்நேஷனலுக்கு கீழ ஏடிஎம், கடை, ஆன்லைன், டேப்னு தனித்தனியா இருக்கும், மேல ஒன்னை மட்டும் ஆன் பண்ணிட்டு வந்துராதீங்க. பக்கத்துலயே லிமிட் இருக்கும், அதையும் பாருங்க, ஆன் ஆகியிருக்கும் ஆனா லிமிட் பூஜ்ஜியமா இருக்கும்.

போன வருஷம் துபாய்ல ஓடுச்சே இப்ப ஏன் ஓடலைன்னு கேக்குறவங்க நிறைய. நடுவுல கார்டு எக்ஸ்பயரி ஆகி புதுசு வந்திருக்கும், பழைய செட்டிங் அதோட போயிருக்கும்.

ரூபே கார்டு மட்டும்தான் இருக்கு, அது போதுமா?

அதை மட்டும் நம்பி போகாதீங்க. ரூபேல இந்தியாக்குள்ள மட்டும் ஓடுறதும் இருக்கு, இன்டர்நேஷனலும் இருக்கு. இன்டர்நேஷனல் ரூபே வெளிநாட்டுல டிஸ்கவர், டைனர்ஸ் கிளப் நெட்வொர்க் வழியா ஓடும், கார்டுல அந்த லோகோ இருக்கான்னு திருப்பிப் பாருங்க. லோகோ இருந்தாலும் விசா, மாஸ்டர்கார்டு போர்டு தொங்குற அளவுக்கு எல்லா கடையிலயும் அந்த போர்டு தொங்காது. கூட விசாவோ மாஸ்டர்கார்டோ ஒன்னு, முடிஞ்சா வேற பேங்கோடது, எடுத்துக்கோங்க. ஒரு பேங்கோட சர்வர் படுத்தா அந்த பேங்க் கார்டு எல்லாமே சேந்து படுக்கும்.

யுபிஐ இப்ப ஃபாரின்லயும் வந்துருச்சாமே, எதுக்கு கார்டு, கேஷ்னு அலையணும்?

வந்திருக்கு, ஆனா ஜெயநகர்ல இளநீர்க்காரர் கிட்ட ஸ்கேன் பண்ற மாதிரி இல்ல. பூட்டான்ல 2021ல வந்துச்சு, இலங்கையிலயும் மொரீஷியஸ்லயும் 2024 பிப்ரவரில, யூஏஇ, நேபாள், ஃபிரான்ஸ்ல எல்லாம் குறிப்பிட்ட கடைகள்ல ஓடுது. ஆப்புக்குள்ள யுபிஐ இன்டர்நேஷனல்னு ஒன்னு இருக்கும், அதை ஆன் பண்ணணும், அதுவும் குறிப்பிட்ட நாளுக்குத்தான் ஆன்ல இருக்கும்.

சிங்கப்பூர் விஷயத்துல எல்லாரும் குழம்புறாங்க. அங்க 2023 பிப்ரவரில பேநவ்வோட (அது அவங்க ஊர் யுபிஐ மாதிரி) நம்ம யுபிஐயை இணைச்சது ஆளுக்கு ஆள் பணம் அனுப்பிக்கிறதுக்காக. அதை வச்சுகிட்டு தேக்கா சென்டர்ல பிரியாணிக்கடைல ஒட்டியிருக்குற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணா போயிரும்னு நினைச்சு க்யூல நிக்காதீங்க, பின்னாடி நிக்குறவங்க முறைப்பாங்க. யுபிஐ நடந்தா லாபம், அவ்ளோதான்.

கேஷா எவ்ளோ எடுத்துட்டுப் போலாம், எங்க வாங்குறது?

நோட்டா ஒரு டிரிப்புக்கு 3,000 டாலர் வரைக்கும் வாங்கலாம் (ஒரு சில நாட்டுக்கு மட்டும் ரூல் வேற), அதுக்கு மேல வேணும்னா ஃபாரெக்ஸ் கார்டுல (வெளிநாட்டு கரன்சியை முன்னாடியே போட்டு வச்சுக்கிற கார்டு) போட்டுக்கணும். மனி சேஞ்சர் கிட்ட ரூபாய் நோட்டா குடுத்து வாங்குறதுன்னா 50,000 ரூபாய்க்கு உள்ளதான், மேல போனா அக்கவுன்ட்ல இருந்து கட்டணும். நம்ம ரூபாய் நோட்டு ஒரு ஆளுக்கு 25,000 வரைக்கும் கொண்டு போலாம், திரும்பி வந்து டாக்சிக்கு ஆகும்.

எம்ஜி ரோடு, ரெசிடென்சி ரோடு பக்கம் மனி சேஞ்சர் கடை வரிசையா இருக்கு, ரெண்டு மூணு கடைக்கு போன் பண்ணி ரேட் கேட்டா போதும், அலைய வேண்டியதில்ல. "கமிஷன் ஜீரோ"ன்னு சொல்றவர்கிட்ட ரேட்டை நல்லா பாருங்க, காசு அதுக்குள்ளதான் இருக்கும். தேவனஹள்ளி ஏர்போர்ட்ல மாத்திக்கலாம்னு விட்டுட்டா ரேட் அடி விழும். பில் இல்லாம தர்றேன்னு எவராவது சொன்னா வேண்டாம்னுருங்க, ரேட் எவ்ளோ நல்லா இருந்தாலும் சரி, அது சட்டவிரோதம், அதுல கள்ள நோட்டு வந்தா கேக்கவும் ஆள் கிடையாது. நோட்டு புதுசா, கிறுக்கல் கிழிசல் இல்லாம கேட்டு வாங்குங்க. பாங்காக், பாலி மாதிரி இடத்துல 100 டாலர் நோட்டுக்கு ஒரு ரேட், சின்ன நோட்டுக்கு அதைவிட கம்மி ரேட்னு போர்டுலயே போட்டிருப்பாங்க.

கிரெடிட், டெபிட், ஃபாரெக்ஸ் கார்டு, மூணுல எது நல்லது?

மூணுக்கும் வேலை வேற. சாதாரண கிரெடிட், டெபிட் கார்டுல ஒவ்வொரு வெளிநாட்டுச் செலவுக்கும் மார்க்கப்னு கூடுதலா ஒரு சார்ஜ் போடுவாங்க, நிறைய கார்டுல 3.5 பர்சென்ட், அது மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி. லட்ச ரூபாய் செலவு பண்ணா 4,130 ரூபாய் சும்மா போச்சு. மார்க்கப் கம்மியா, இல்லாமலேயே கூட சில கார்டு இருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடி உங்க கார்டுல எவ்ளோன்னு பாருங்க. ஃபாரெக்ஸ் கார்டுல லோட் பண்ற அன்னைக்கே ரேட் லாக் ஆயிரும், அந்த கரன்சிலயே செலவு பண்ணா மார்க்கப் இல்ல. ஆனா டாலர் லோட் பண்ணிட்டு தாய்லாந்துல பாட்ல கட்டினா அங்க தனியா ஒரு சார்ஜ் போடுவாங்க, அதை கடைக்காரரும் சொல்ல மாட்டார், பேங்க்காரரும் விக்கும்போது சொல்ல மாட்டார். நேபாள், பூட்டானுக்கு ஃபாரெக்ஸ் கார்டு ஓடாது.

நான் சொல்றது: கடைச் செலவுக்கும் ஏடிஎம்க்கும் ஃபாரெக்ஸ் கார்டு, ஹோட்டல், வாடகைக்கார் டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு பெட்டிக்குள்ள கடைசி கைக்கு. கிரெடிட் கார்டுல ஏடிஎம்ல கேஷ் எடுக்குறதை மட்டும் மறந்துருங்க, ஃபீஸ் தனி, வட்டி எடுத்த நிமிஷத்துல இருந்து ஓடும், அந்த நாப்பத்தஞ்சு நாள் வட்டியில்லாக் கதையெல்லாம் கேஷுக்கு கிடையாது.

ஏம்மா, நாங்க ரெண்டு பேரும் மட்டும் தனியா போறோம், இங்கிலீஷும் அவ்ளவா வராது, எங்களுக்கு எது சரி?

சித்தப்பா, சித்தி மாதிரி வயசானவங்க போறப்போ சிம்பிளா வச்சுக்கிறது நல்லது. ஃபாரெக்ஸ் கார்டு ரெண்டு, சித்தப்பாவுக்கு ஒன்னு சித்திக்கு ஒன்னு, ஒரே பர்ஸ்ல வைக்காம. டிரான்சிட்ல காபி, வீல்சேர் தள்ளுறவருக்கு டிப்ஸ்னு குடுக்க சின்ன நோட்டா கொஞ்சம் கேஷ். கிளம்புறதுக்கு முன்னாடி இங்கயே ஒரு தடவை ஏடிஎம்ல பின் மாத்திப் பழகிட்டா கை நடுங்காது, ஃபாரெக்ஸ் கார்டு இந்தியால ஓடாதுங்குறதால உங்க டெபிட் கார்டுல பழகுங்க. பின் நம்பரை கார்டு உறையில எழுதி வைக்குறதை நான் எத்தனை தடவை சொல்லியும் பெரியவங்க விட மாட்டேங்குறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

கார்டு மெஷின்ல ஐஎன்ஆரா, லோக்கல் கரன்சியான்னு கேக்குது. ரூபாய்ல காட்டுனா நமக்குப் புரியும்ல, அதைத்தானே அமுக்கணும்?

இல்லவே இல்ல. இந்த ஒரு கேள்வியிலதான் எல்லாரும் காசை விடுறாங்க. ரூபாய்ல காட்டுறது உங்க பேங்க் இல்ல, அந்த ஊர் மெஷின்காரன். அவன் சொந்தமா ஒரு ரேட் போட்டு, அதுக்குள்ள தன் லாபத்தை வச்சு, உங்களுக்கு வசதி பண்ற மாதிரி காட்டுறான். டைனமிக் கரன்சி கன்வர்ஷன்னு பேரு. அதுல நாலஞ்சு பர்சென்ட் போறது சாதாரணம், டூரிஸ்ட் இடத்துல அதுக்கு மேலயும் போகும். சரி, ரூபாய்ல கட்டினோம், நம்ம பேங்க் மார்க்கப்பாவது இருக்காதேன்னு நினைச்சா, இங்க நிறைய பேங்க் வெளிநாட்டுல ரூபாய்ல போட்ட பில்லுக்கும் தனியா ஒரு சார்ஜ் வாங்குறாங்க. ரெண்டு பக்கமும் அடி.

எப்பவும் அந்த ஊர் கரன்சியை அமுக்குங்க. கடைல சில சமயம் அவங்களே ரூபாயை அமுக்கிட்டு சிலிப்பை நீட்டுவாங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி சிலிப்ல ஐஎன்ஆர்னு இருக்கான்னு பாத்து, இருந்தா கேன்சல் பண்ணி மறுபடி போடச் சொல்லலாம், அது உங்க உரிமை, கூச்சப்படாதீங்க. ஏடிஎம்ல இது இன்னும் குசும்பா வரும், "வித் கன்வர்ஷன்" "வித்தவுட் கன்வர்ஷன்"னு ரெண்டு பட்டன், கன்வர்ஷன் வேண்டாம்னா டிரான்சாக்‌ஷனே கேன்சல் ஆயிரும்ங்கிற மாதிரி பயமுறுத்தும். ஆகாது. வித்தவுட் அமுக்குங்க, காசு வரும்.

ஏடிஎம்ல ஒவ்வொரு தடவையும் எவ்ளோ பிடிப்பான்?

ரெண்டு இடத்துல பிடிப்பாங்க, உங்க பேங்க் ஒன்னு, அங்க இருக்குற ஏடிஎம்காரன் ஒன்னு. தாய்லாந்துல வெளிநாட்டுக் கார்டுக்கு ரொம்ப நாளா 220 பாட் வாங்குறாங்க, சிலது அதுக்கு மேலயும், நீங்க ஆயிரம் எடுத்தாலும் அதேதான் பத்தாயிரம் எடுத்தாலும் அதேதான், அதனால கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம ஒரே தடவையா எடுங்க. இங்கிலாந்துல பேங்க் ஏடிஎம் பெரும்பாலும் சார்ஜ் வாங்காது. ஜப்பான்ல சில பேங்க் மெஷின்ல நம்ம கார்டு ஏறாது, செவன் லெவன் கடைக்குள்ள இருக்குற ஏடிஎம்லயும் போஸ்ட் ஆபீஸ் ஏடிஎம்லயும் ஓடும். டூரிஸ்ட் தெருவுல பேங்க் எதுவும் இல்லாம தனியா நிக்குற மெஷினை தவிருங்க, மேல சொன்ன கன்வர்ஷன் கூத்து அங்கதான் ஜாஸ்தி.

மெஷின்ல செக்கிங், சேவிங்ஸ், கிரெடிட்னு கேக்கும். சேவிங்ஸ் அமுக்குங்க, எடுக்கலைன்னா செக்கிங்னு குடுத்துப் பாருங்க, ஃபாரெக்ஸ் கார்டுக்கு சில மெஷின்ல கிரெடிட்னு குடுத்தாத்தான் எடுக்கும், அது ஃபாரெக்ஸ் கார்டுன்னா கடன் ஆகாது, பயப்படாதீங்க. இன்னொன்னு, சில ஊர்ல காசு முதல்ல வரும், கார்டு அப்புறம் வரும், காசை எண்ணிகிட்டே நடந்துறாதீங்க. கார்டை மெஷின் முழுங்கிட்டா பேங்க் திறந்திருக்குற நேரத்துல உள்ள போய் கேக்கலாம், ஆனா குடுப்பாங்கன்னு உறுதி இல்ல, உடனே ஆப்புல பிளாக் பண்ணிருங்க.

ஓடிபி வரலை, என்ன பண்றது?

ரோமிங் ஆன் பண்ணாம போயிருப்பீங்க. அங்க போய் லோக்கல் சிம் போட்டதும் எல்லாரும் நம்ம சிம்மை கழட்டி பர்ஸ்ல வச்சுருவாங்க, அப்புறம் ஓடிபியும் வராது, பேங்க் ஆப்பும் யுபிஐ ஆப்பும் சிம் இல்லைன்னு வெளிய தள்ளிரும். நம்ம சிம் போன்லயே இருக்கட்டும், நெட்டுக்கு இசிம் (சொருக வேண்டாம், போனுக்குள்ளயே ஏத்திக்கிற சிம்) போட்டுக்கோங்க, மெசேஜ் வர்ற அளவுக்காவது ரோமிங் பேக் இருக்கட்டும். போன் டூயல் சிம்மா, இசிம் எடுக்குமான்னு இங்கயே பாருங்க.

ஹோட்டல்ல ரூம் வாடகை ஏற்கனவே கட்டியாச்சு, இருந்தும் கார்டுல காசு குறைஞ்சிருக்கே?

அது எடுத்தது இல்ல, பிடிச்சு வச்சது. நம்ம பெங்களூர் வீட்டு ஓனர் வாங்குற அட்வான்ஸ் மாதிரி, காசு உங்களோடதுதான், கைல இருக்காது. ரூம்ல எதாவது ஒடஞ்சா, மினி பார்ல குடிச்சா கழிக்கிறதுக்கு. காலி பண்ணதும் விட்டுருவாங்க, ஆனா உங்க பேங்க்ல வந்து சேர சில நாள், சில சமயம் அதுக்கும் மேல ஆகும். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ குடுத்தா அத்தனை நாளும் சாப்பாட்டுக் காசு மாட்டிகிட்டு நிக்கும், அதான் டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டுன்னு முன்னாடியே சொன்னேன். வாடகைக்கார் கம்பெனி நிறைய டெபிட் கார்டை வாங்கவே மாட்டாங்க, கார் ஓட்டுறவர் பேர்லயே கார்டு இருக்கணும், மனைவி கார்டை நீட்டினா சாவி வராது.

அமெரிக்காவுல பெட்ரோல் பங்க்ல ஜிப் கோடு கேக்குது, நான் 560008 போட்டேன், எடுக்கலை.

அது அஞ்சு நம்பர் அமெரிக்க ஜிப்புக்கு. உள்ள போய் கவுன்ட்டர்ல, இத்தனாவது பம்ப், இத்தனை டாலருக்குன்னு சொல்லி முன்கூட்டியே கட்டுங்க.

சிங்கப்பூர் எம்ஆர்டி மெட்ரோல கார்டை டேப் பண்ணா போதுமாமே, ஒரு கார்டுல நாங்க நாலு பேரும் போலாமா?

முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு கார்டு, ஏறும்போது எதுல டேப் பண்ணீங்களோ இறங்கும்போதும் அதேதான். வெளிநாட்டுக் கார்டுன்னா ஒரு நாளைக்கு 60 காசு சிங்கப்பூர் டாலர்ல தனியா பிடிப்பாங்க. குடும்பமா போறீங்கன்னா அங்கயே ஈசி லிங்க் கார்டு (காசு போட்டு வச்சு டேப் பண்ற பயணக் கார்டு) வாங்கிக்கிறது தொல்லை இல்ல. லண்டன்லயும் டேப் ஓடும், ஆளுக்கு ஒரு கார்டுங்கிறது அங்கயும் அதேதான். கார்டு செட்டிங்ஸ்ல டேப் ஆன்ல இருக்கணும், முதல் கேள்வியிலயே சொல்லியிருக்கேன்.

எல்லாம் ஆன்ல இருக்கு, பேலன்ஸ் இருக்கு, பின்னும் சரி, இருந்தும் டிக்ளைன்னு வருது!

அதே கார்டை அதே மெஷின்ல திரும்பத் திரும்ப போடாதீங்க, அதுதான் பெரிய தப்பு, நாலாவது தடவை பேங்க்கோட கம்ப்யூட்டர் எவனோ திருடி ட்ரை பண்றான்னு நினைச்சு கார்டையே லாக் பண்ணிரும். முதல்ல டேப் பண்ணாம சிப்பை சொருகச் சொல்லுங்க. அப்புறம் வேற கார்டு. அப்புறம் வெளிய வந்து போன் எடுத்துப் பாருங்க, "இது நீங்கதானா"ன்னு பேங்க்ல இருந்து மெசேஜோ காலோ வந்திருக்கும், ஆமான்னதும் திறந்துரும். பாதிப் பேர் வெளிநாட்டுல வர்ற தெரியாத காலை ஸ்பாம்னு கட் பண்ணிருவாங்க. ஆனா ஒன்னு, காலை எடுத்தாலும் ஓடிபியோ பின்னோ கேட்டா குடுக்காதீங்க, நிஜ பேங்க் அதைக் கேக்காது.

உங்க பின் ஆறு இலக்கமா இருந்தா அதுவும் காரணமா இருக்கலாம், சில நாட்டு மெஷின் நாலு இலக்கத்துக்கு மேல எடுக்காது. சில கடை அந்த ஊர்க் கார்டு மட்டும்தான் வாங்கும், அது உங்க குத்தமும் இல்ல உங்க பேங்க் குத்தமும் இல்ல.

பர்ஸே போச்சு, எல்லா கார்டும் அதுல. வீட்டுல இருந்து வெஸ்டர்ன் யூனியன்ல அனுப்பச் சொல்லலாமா?

இதை எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா இங்க அந்த மாதிரி சர்வீஸ் வெளிநாட்டுல இருந்து இந்தியாவுக்கு வர்றதுக்கு மட்டும்தான் அனுமதி. இங்க இருந்து அந்த வழியா வெளிய போகாது. பேங்க் வழியா அனுப்பலாம், அங்க யாரோட அக்கவுன்ட்டுக்காவது போகணும், பேப்பர் வேலை உண்டு, சனி ஞாயிறு நகராது.

அதனால வரிசையா இப்படி: ஆப்புல எல்லா கார்டையும் பிளாக் பண்ணுங்க. விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுக்கும் உலகம் பூரா எமர்ஜென்சி உதவி லைன் இருக்கு, பேங்க் சம்மதிச்சா தற்காலிகக் கார்டோ கேஷோ ஏற்பாடு பண்ணுவாங்க, அந்த நம்பரை இப்பவே வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க. ஃபாரெக்ஸ் கார்டு வாங்குறப்போ சில பேங்க் ரெண்டு கார்டா குடுப்பாங்க, ரெண்டாவது பெட்டிக்குள்ள இருந்தா பிரச்சனை பாதி முடிஞ்சது, வீட்டுல இருந்து லோட் மட்டும் பண்ணச் சொன்னா போதும். அதுக்கு வீட்டுல யார் எந்த பிராஞ்சுக்குப் போகணும், என்ன கையெழுத்து வேணும்னு கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டு வைக்கணும். அங்க நம்ம ஆளுங்க யாராவது இருந்தா அவங்க கேஷ் குடுக்க நீங்க இங்க திருப்பித் தர்றது நடக்கும்னு சொல்லத் தேவையில்ல, சிங்கப்பூர் லிட்டில் இந்தியால நின்னு தமிழ்ல பேசினா அதுவே ஒரு தைரியம்தான். பாஸ்போர்ட்டும் சேந்து போச்சுன்னா போலீஸ் கம்ப்ளைன்ட் எழுதி வாங்கிட்டு இந்திய தூதரகம்.

ஃபாரின் போனா 20 பர்சென்ட் வரி பிடிக்குறாங்களாமே?

டிசிஎஸ்ஸை சொல்றீங்க, பணம் வெளிய போறப்பவே முன்கூட்டியே பிடிச்சு வைக்கிற வரி அது. ஃபாரெக்ஸ் கார்டு லோட், கரன்சி வாங்குறது, டெபிட் கார்டுல அங்க செலவு பண்றது எல்லாம் சேத்து ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டுல 10 லட்சம் தாண்டினா, தாண்டின பணத்துக்கு மட்டும் 20 பர்சென்ட். 2025 ஏப்ரல் வரைக்கும் அந்தக் கோடு 7 லட்சமா இருந்துச்சு. படிப்பு, வைத்தியம், டூர் பேக்கேஜுக்கு கணக்கு வேற. அங்க நின்னு கிரெடிட் கார்டுல பண்ற செலவை இதுல சேக்கலை, 2023 ஜூன்ல தள்ளி வச்சாங்க. பிடிச்சது போன காசு இல்ல, ஐடி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஒரு வாரம் பட்டாயா போறவங்க இதைக் கேட்டு தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டியதில்ல.

வாங்கின சட்டையை திருப்பிக் குடுத்தேன், ரீஃபண்ட் குறைச்சு வந்திருக்கு, யார்கிட்ட சண்டை போடுறது?

பெரும்பாலும் யார்கிட்டயும் இல்ல. வாங்கின அன்னைக்கு ஒரு ரேட், திருப்பிப் போட்ட அன்னைக்கு ஒரு ரேட், நடுவுல பிடிச்ச மார்க்கப் நிறைய பேங்க்ல திரும்ப வராது. கடைக்காரர் அந்த ஊர் கரன்சில முழுசா போட்டிருக்காரான்னு சிலிப்ப வச்சுப் பாருங்க, போட்டிருந்தா விட்டுருங்க. அமெரிக்க ஓட்டல்ல மெசேஜ்ல வந்ததைவிட ஸ்டேட்மென்ட்ல ஜாஸ்தியா இருக்குன்னா நீங்க எழுதின டிப்ஸ் அப்புறமா சேந்திருக்கும்.

மிச்சம் வந்த டாலரை என்ன பண்றது?

திரும்பி வந்து 180 நாளுக்குள்ள மாத்திரணும், 2,000 டாலர் வரைக்கும் அடுத்த டிரிப்புக்கு கைல வச்சுக்கலாம். சில்லறைக் காசை இங்க மனி சேஞ்சர் வாங்க மாட்டார், அங்க ஏர்போர்ட்லயே சாக்லேட் வாங்கி முடிச்சுருங்க. கார்டுல இன்டர்நேஷனலை ஆஃப் பண்ண மறக்காதீங்க.

ஏடிஎம்ல காசே வரலை, ஆனா அக்கவுன்ட்ல கழிஞ்சுருச்சு. அஞ்சு நாள்ல வரலைன்னா நாளுக்கு 100 ரூபாய் தருவாங்கன்னு சொன்னாங்களே?

அந்த 100 ரூபாய் ரூல் ரெண்டு பக்கமும் இந்தியாக்குள்ள இருக்குற டிரான்சாக்‌ஷனுக்கு மட்டும்தான். வெளிநாட்டு ஏடிஎம்னா உங்க பேங்க் விசா இல்ல மாஸ்டர்கார்டு வழியா டிஸ்ப்யூட் போடணும், அங்க இருக்குற பேங்க் தன் மெஷின் கணக்கை எடுத்துக் காட்டணும், வாரக்கணக்குல இழுக்கும். அந்த ஏடிஎம் பேங்க் பிராஞ்ச்ல போய் நின்னா உங்க பேங்க்ல கேளுங்கன்னுதான் அனுப்புவாங்க, அதுல நாளைக் கழிக்காதீங்க.

மெஷினோட நம்பர், இடம், நேரம் எல்லாம் தெரியுற மாதிரி அங்கயே போட்டோ எடுங்க, சிலிப் வந்தா வைங்க, அன்னைக்கே ஆப்புலயோ மெயில்லயோ கம்ப்ளைன்ட் போட்டு நம்பர் வாங்குங்க, போன்ல சொன்னது மட்டும் போதாது. சில சமயம் ரெண்டு மூணு நாள்ல தானாவே திரும்பி வந்துரும், வந்தாலும் வராட்டியும் கம்ப்ளைன்ட் நம்பர் கைல இருக்கணும். இதுவே நீங்க எடுக்காத காசு போயிருந்தா இன்னும் அவசரம், உங்க தப்பு இல்லாம வெளிய எங்கயோ நடந்த திருட்டை மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா ஒரு ரூபாய்கூட உங்க தலைல விழாது, நாலுல இருந்து ஏழு நாளுன்னா ஒரு பங்கு உங்களோடது, அதுக்கு மேல பேங்க் பாலிசி என்ன சொல்லுதோ அது. பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலை, இல்ல சொன்ன பதில் சரியில்லைன்னா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிறவர்) கிட்ட ஆன்லைன்லயே போடலாம், காசு கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம், அந்த கம்ப்ளைன்ட் நம்பரும் போட்டோவும்தான் கேப்பாங்க.